படையை விட்டு விலகுவோரும் பயிற்சிக் கூடங்களின் கதவுகளும்

ரஷ்ய இராணுவத்தில் இணைந்து உக்ரேன் போர்முனைக்குச் சென்ற இலங்கையர்கள் 554 பேர் எனவும் அவர்களுள் 59 பேர் உயிரிழந்துள்ளனர் எனவும் வெளிநாட்டலுவல்கள் அமைச்சர் விஜித ஹேரத் 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் தெரிவித்திருந்தார். இவர்களில் கணிசமானோர் எமது நாட்டின் படைகளில் சேவையாற்றி விலகியவர்கள். முகாம்களில் சமையல் வேலை, துப்புரவு வேலை என்று கூறியும், பெருந்தொகைச் சம்பளமும் குடியுரிமையும் கிடைக்கும் என ஆசை காட்டியும் ஆட்கடத்தல் முகவர்கள் இவர்களை அழைத்துச் சென்றதாக அப்போது வெளிவந்த செய்திகள் கூறின. மூன்று தசாப்த காலப் போரில் உயிர் தப்பியவர்கள், தமக்கு எவ்விதத்திலும் சம்பந்தமற்ற இன்னொரு நாட்டின் பதுங்குகுழியில் போய் மடிய நேர்ந்தது எதனால் என்ற கேள்வி அக்காலத்தில் சில நாட்கள் பேசப்பட்டுப் பின்னர் மறக்கப்பட்டு விட்டது.

முகவர்களைக் கைது செய்ததுடன் இவ்விடயம் முடிந்துவிட்டது எனக் கொள்வதற்கில்லை. நாற்பது வயதில் சீருடையைக் களைந்து வீடு திரும்பும் ஒருவருக்கு இந்த நாட்டில் காத்திருக்கும் வாய்ப்பு என்ன என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது. இதனை நாம் கொத்மலையை முன்வைத்து ஆராய விரும்புகின்றோம். தமிழ், முஸ்லிம் வாசகர்களில் ஒரு சாராருக்கு, படையினரின் எதிர்காலம் பற்றி எமது பத்தி எதற்காக அக்கறை கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எழலாம். அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதற்கான பதிலைப் பின்னர் கூறுவோம்.

கொத்மலையின் புவியியலே அதன் சமூகவியலாகவும் அமைந்துள்ளது. பள்ளத்தாக்கில் சிங்களக் கிராமங்கள். அவற்றுக்கு மேலே பூண்டுலோயா, இறம்பொடை எனப் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளில் லயன் அறைகள். புசல்லாவை, நாவலப்பிட்டி, கம்பளை என அயல் நகரங்களின் கடைத்தெருக்களில் முஸ்லிம் வர்த்தகர்கள். 1979 ஆம் ஆண்டு தொடங்கி 1985 இல் நிறைவுபெற்ற கொத்மலை அணை, 87 மீற்றர் உயரத்துக்கு எழுந்து 201 மெகாவாட் மின்சாரத்தை நாட்டுக்கு வழங்கியது. வயல்களையும் விகாரைகளையும் நீருக்குள் அமிழ்த்தியது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரிவதைக் காணப் பலர் இன்றும் செல்கின்றனர். வயலிழந்தவர்களில் ஒரு பகுதியினர் மகாவலி வலயங்களுக்குச் சென்று குடியேறினர். எஞ்சியோரின் பிள்ளைகளுக்கு நிலமும் போதாது, தோட்டத்தில் வேலை செய்வதும் வழக்கமில்லை. அணை கட்டி முடிந்த காலமும் வடக்கில் போர் மூண்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. இராணுவ ஆட்சேர்ப்பு அறிவித்தல் அக்கிராமங்களுக்கு எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. துட்டகைமுனு இளவரசன் தந்தையின் கோபத்துக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த இடம் இதுவெனக் கூறும் மரபுக்கதையும், அவன் பெயரைத் தாங்கிய கெமுனு படையணியும் அந்த ஈர்ப்புக்குத் துணை நின்றன. ஆயினும் கதையை விட மாதச் சம்பளமே வலிமை மிக்கதாக இருந்தது என்பது எமது அபிப்பிராயம்.

மேலேயுள்ள லயன்களில் இருந்து படைக்குச் சென்றோர் மிகக் குறைவு. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையினால் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றோர் என்ற பெயரைச் சுமந்த ஒரு சமூகத்துக்கு அரசாங்க உத்தியோகமே எட்டாக்கனியாக இருந்தது. ஆக ஒரே மலையின் அடிவாரத்தில் படையை நம்பிய இளைஞரும், அதன் உச்சியில் தோட்டத்தையும் கொழும்புக் கடைகளையும் நம்பிய இளைஞரும் வாழ்ந்தனர். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. பாடசாலைக் கல்வி இடையில் நின்றுபோனபின் வேறு கதவு எதுவும் திறக்கவில்லை.

இன்று அந்தப் படை சுருங்கி வருகின்றது. 200,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 135,000 ஆகவும், 2030 ஆம் ஆண்டளவில் 100,000 ஆகவும் குறைப்பதாகப் பாதுகாப்பு அமைச்சு 2023 ஜனவரியில் அறிவித்தது. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் அது தவிர்க்க முடியாத முடிவு. நாம் அதனை வரவேற்றாக வேண்டும். ஆனால் ஆளணிக் குறைப்பு என்பது அறிக்கையில் ஓர் எண். கிராமத்தில் அது ஒரு மனிதன். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த சிப்பாய் 22 ஆண்டு சேவையை நிறைவு செய்து ஓய்வூதியத்துடன் வெளியேறும்போது அவருக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டிய வயது. பிள்ளைகள் பாடசாலையில் படித்துக்கொண்டிருப்பர், வீட்டுக் கடன் முடிந்திராது. உழைக்கக்கூடிய இருபது ஆண்டுகள் அவருக்கு முன்னால் உள்ளன. போர் உக்கிரமடைந்திருந்த காலத்தில் கல்வித் தகைமை தளர்த்தப்பட்டு, எட்டாம் தரத்துடன் பாடசாலையை விட்டோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவ்வாறு சேர்ந்தவரிடம் க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழ் இருக்காது. தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவற்கூண்டு, முச்சக்கரவண்டி, அல்லது வெளிநாட்டு முகவர் என்ற மூன்றில் ஒன்றே பெரும்பாலும் அவருக்கு எஞ்சுகின்றது.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை எனக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தினால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. அங்கவீனமுற்ற படையினரின் பராமரிப்பும் புனர்வாழ்வும், உயிரிழந்தோரின் குடும்பங்களின் நலனும் அதன் முதன்மைப் பணிகள். ஓய்வு பெறவுள்ள படையினருக்குத் தொழில் கற்பிக்கும் இராணுவப் பயிற்சி நிலையம் ஒன்று கண்டிக்கு அருகே குண்டசாலையில் உள்ளது. மறுபுறம், 1981 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் அதிகாரிகளுக்குப் பட்டமும் பட்டப்பின் பட்டமும் வழங்குகின்றது. அங்கு படித்த அதிகாரி ஓய்வு பெறும்போது கையில் ஒரு பட்டத்துடன் வெளியேறுகின்றார். அவர் கட்டளையின் கீழ் இருபது ஆண்டுகள் பாலம் அமைத்த சிப்பாய், தான் பாலம் அமைத்தவர் என்பதற்கு நாட்டின் வேலைச்சந்தை ஏற்கும் எழுத்துச் சான்று ஏதுமின்றி வெளியேறுகின்றார். படைக்குள் நிலவும் இந்தப் படிநிலை படைக்கு வெளியிலும் தொடர்வது நியாயமானதா என்பதைப் பாதுகாப்பு அமைச்சு சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

அச்சான்றைப் பெறுவதற்கான பொறிமுறை நாட்டில் இல்லாமல் இல்லை. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, தேசிய தொழில் தகைமை முறையை நிர்வகிக்கின்றது. மக்கள் வழக்கில் இது என்.வி.கியூ. எனப்படும். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ் மட்டங்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஏணியின் வழியாக ஏற முடியும். அதாவது உயர்தரப் பரீட்சையில் சித்தியடையாத ஒரு மேசன் தொழிலாளியும், சட்டத்தின் எழுத்தின்படி, ஒருநாள் பட்டதாரியாகலாம்.

இந்த முறையில் எமது வாசகர்கள் அதிகம் அறியாத ஒரு பிரிவு உண்டு. அது முன்கற்றலை அங்கீகரித்தல் ஆகும். வகுப்பறைக்குச் செல்லாமல், வேலை செய்தே தொழில் கற்றுக்கொண்ட ஒருவர், தொழிற்பயிற்சி அதிகாரசபையிடமோ தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிடமோ விண்ணப்பிக்கலாம். தாம் செய்த வேலைக்கான ஆதாரங்களை அவர் திரட்டிக் கொடுக்க வேண்டும். வேலைதருநரின் கடிதம், புகைப்படம், குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியன ஆதாரங்களாகும். மதிப்பீட்டாளர் அவற்றைப் பார்வையிட்டு, வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, செய்முறையாக வேலையையும் செய்யச் சொல்லிப் பார்க்கின்றார். தேறியவருக்குச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. குறைபாடு காணப்படும் பகுதிக்கு மாத்திரம் பயிற்சி பெற்று மீண்டும் தோற்ற இடமுண்டு. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கு இச்சான்றிதழின் பெறுமதி என்ன என்பதை மத்திய கிழக்குக்குச் சென்று வந்தவர்கள் நன்கு அறிவர். சான்றிதழ் உள்ளவன் மின்னிணைப்பாளன், இல்லாதவன் கூலியாள்.

படைவீரரைப் பொறுத்தவரை இம்முறை மிகவும் ஏற்றது. பொறியியல் படையணியில் இருந்தவருக்குப் பெக்கோ ஓட்டத் தெரியும். மருத்துவப் படையணியில் இருந்தவர் காயத்துக்குக் கட்டுப்போட்டவர். சமிக்ஞைப் படையணியில் இருந்தவருக்குக் கம்பியும் அலைவரிசையும் தெரியும். ஆயிரம் பேருக்கு வேளா வேளைக்குச் சமைத்தவர்களும் உள்ளனர். இவையனைத்தும் நாட்டுக்குத் தேவைப்படும் தொழில்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மத்திய மலைநாட்டைச் சிதைத்து, மலைச்சரிவுகளில் வீடுகள் புதையுண்டபோது, மண்ணை அகற்றுவதற்கு நாம் எதிர்பார்த்து நின்றதும் இத்தகைய கைகளையே அல்லவா? ஆயினும் ஒரு சிப்பாய் விலகும் நாளில், அவர் ஆற்றிய வேலைகளைத் தொழில் தகைமையின் மொழியில் எழுதிக் கொடுக்கும் ஆவணம் சேவைப் பத்திரத்துடன் வழமையாக இணைக்கப்பட வேண்டும். விலகிய பின்னர் அவர் பழைய முகாம்களுக்கு அலைந்து கடிதம் சேர்க்க நேரக்கூடாது. இதற்குப் பெருஞ் செலவு ஏற்படாது. சேவையின் இறுதி ஆண்டில் மதிப்பீட்டாளரை முகாமுக்கே அழைத்துச் சென்றால் போதும்.

சட்டப்படி விலகியவரின் நிலை இதுவெனில், அனுமதியின்றிச் சேவையைக் கைவிட்டுச் சென்றோரின் நிலை இன்னும் சிக்கலானது. பொது மன்னிப்புக் காலங்கள் பல தடவைகள் அறிவிக்கப்பட்டன. 2024 ஏப்ரலிலும் அவ்வாறு அறிவிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் சட்டபூர்வமாக விலக்கப்பட்டனர். அதற்கு வராதவர்களைக் கைது செய்யுமாறு 2025 இல் பணிக்கப்பட்டது. விலகல் பத்திரம் இல்லாதவர் எந்த அரச நிறுவனத்தின் வாசலையும் மிதிக்க அஞ்சுவார். பாதாள உலகக் குழுக்கள் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆளைத் தேடும்போது இத்தகையோரையே முதலில் நாடுகின்றன. பொது மன்னிப்புக் காலத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பும் அதே மேசையில் ஒரு பயிற்சி விண்ணப்பப் படிவத்தையும் வைப்பதற்கு ஏன் எவருக்கும் தோன்றவில்லை என்பது எமக்குப் புரியவில்லை.

படையொன்று கலைக்கப்படுவது இந்நாட்டுக்குப் புதியதன்று. எமது முஸ்லிம் வாசகர்களில் மலாய் வம்சாவளியினர் இதனைத் தமது குடும்ப வரலாறாகவே அறிவர். ஒல்லாந்தர் காலத்தில் சாவகம் முதலிய தீவுகளில் இருந்து கொண்டுவரப்பட்டு, பின்னர் ஆங்கிலேயரின் கீழ்த் தொடர்ந்த மலாய்ச் சிப்பாய்களைப் பெரும்பான்மையாகக் கொண்டிருந்த இலங்கை றைபிள் படையணி 1873 இல் கலைக்கப்பட்டது. கொம்பனித்தெருவில் உள்ள றைபிள் வீதி அதன் ஞாபகச் சின்னம். கலைக்கப்பட்டோரில் பலர் பொலிஸ் சேவையில் சேர்ந்தனர். சிலர் மலைநாட்டுத் தோட்டங்களில் மேற்பார்வை உத்தியோகம் பெற்றனர். அவ்வாறு அவர்களால் மாறிச் செல்ல முடிந்ததற்குக் காரணங்களில் ஒன்றாக, படையணி நடத்திய பள்ளிகளின் மூலம் அச்சமூகத்தில் பரவியிருந்த எழுத்தறிவைக் கருதலாம். படை கலைக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1869 இல், பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார் என்பது அதற்குச் சான்று. வரலாற்றாய்வாளர் பீ.ஏ. ஹுசைன்மியா இப்படையணியின் கதையை ஒரு நூலாகவே எழுதியுள்ளார். சீருடையில் இருக்கும்போதே கிடைத்த கல்விதான் சீருடை போன பின்னர் கைகொடுத்தது. பதின்ம வயதில் சேர்பவருக்கு நாற்பது வயதில் ஆறு வாரப் பயிற்சி அளிப்பதை விட, சேவைக் காலத்திலேயே சாதாரண தரத்தை முடிக்க வைப்பது எவ்வளவோ மேலானது.

உலகில் இவ்விடயத்தில் அதிகம் பேசப்படும் முன்னுதாரணம் அமெரிக்காவினுடையது. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்னரே, 1944 ஜூன் 22 இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் படைவீரர் மீளமைவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதன் உதவியுடன் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றனர். அதனிலும் கூடுதலான தொகையினர் தொழிற்பயிற்சி பெற்றனர். 1947 இல் அந்நாட்டு உயர்கல்வி மாணவர்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் முன்னாள் படையினராக இருந்தனர். இந்த வெற்றிக் கதையின் மறுபக்கம் அவ்வளவாகக் கூறப்படுவதில்லை. சட்டம் எவரையும் நிறத்தால் ஒதுக்கவில்லை. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களிடமும் கல்லூரிகளிடமும் விடப்பட்டது. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினத்தவருக்கு மூடியே இருந்தன. கறுப்பினத்தவருக்கென இருந்த சில கல்லூரிகளில் இடம் போதவில்லை. ஒரே போரில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்களில் ஒரு சாரார் பொறியியலாளராகவும் மறு சாரார் பழைய கூலிகளாகவும் திரும்பினர். சட்டப் புத்தகத்தில் சமத்துவம் இருந்து, அலுவலக மேசையில் அது இல்லாது போனால் என்ன நடக்கும் என்பதை மொழி விடயத்தில் அனுபவித்து வரும் எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அண்டை நாட்டின் உதாரணம் மலையக மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் இங்கிருந்து அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அதே நீலகிரியின் குன்னூருக்கு அருகே வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அமைந்துள்ளது. இந்தியாவில், பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் படைச்சேவையை முடித்தவர், பட்டம் கோரப்படும் மத்திய அரசின் குறிப்பிட்ட கீழ்நிலைப் பதவிகளுக்குத் தகுதியுடையவராகக் கொள்ளப்படுகின்றார். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரருக்கெனத் தனிக் கழகமொன்று 1986 முதல் இயங்குகின்றது. நான்கு ஆண்டுகளுக்கு மாத்திரம் ஆட்சேர்க்கும் அக்னிபாத் திட்டம் 2022 இல் அறிமுகமானபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. நான்கில் மூன்று பேர் வெளியேற்றப்படும் அத்திட்டத்தின் நியாயம் பற்றி எமக்கும் ஐயங்கள் உண்டு. எனினும் அதனுடன் வந்த ஓர் ஏற்பாடு கவனத்துக்குரியது. இந்திரா காந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகம், படையில் பெறும் பயிற்சியைப் பட்டப்படிப்பின் அரைப்பங்குப் புள்ளிகளாக ஏற்கும் விசேட கற்கைநெறியை வகுத்துள்ளது. எமது திறந்த பல்கலைக்கழகமும் 1980 முதல் இயங்கி வருகின்றது. உயர்தரம் இல்லாதோரும் அடிப்படைக் கற்கைநெறியின் ஊடாக உள்நுழையும் வழி அங்கு உண்டு. ஹட்டனிலும் அதற்குக் கற்கை நிலையம் உள்ளது. செய்ய வேண்டியது இணைப்பு ஒன்றே.

இனி, முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம்.

ஆயுதம் ஏந்தி, பின்னர் அதனைக் கீழே வைத்தோர் அரச படையினர் மாத்திரம் அல்லர். 2009 மே மாதத்துக்குப் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். போருக்கு முன்னர் இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். சிறுவர்களாக இருந்த 594 பேரில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்க வைக்கப்பட்டனர். அவர்களில் பரீட்சை எழுதித் தேறியவர்களும் உண்டு. வளர்ந்தோருக்குத் தச்சு, தையல், மின்னிணைப்பு, கணினி எனச் சில மாதப் பயிற்சிகள் வழங்கப்பட்டன. ஆனால் வெளியே வந்தபின் வேலைதருநர் தயங்கினர், புலனாய்வாளர் வீடு தேடி வந்தனர், அயலவரும் சந்தேகித்தனர். பயிற்சி கிடைத்தும் வாழ்வு கிடைக்காத நிலை அது. முகாமுக்குள், சீருடையினரின் மேற்பார்வையில், சமூகத்திலிருந்து பிரித்து வைத்து அளிக்கப்படும் பயிற்சியின் எல்லை எங்குள்ளது என்பதை அந்த அனுபவம் காட்டியது.

அதே குறைபாடு படையினருக்கான பயிற்சியிலும் உள்ளது என்பதே எமது வாதம். இராணுவம் தன் ஆட்களுக்குத் தானே பயிற்சியளித்து, தானே வேலையும் கொடுக்க முற்படும்போது, பண்ணை, விடுதி, கடை என இராணுவமே பொருளாதாரத்துக்குள் நுழைகின்றது. வடக்கு, கிழக்கில் இதன் விளைவை மக்கள் நேரிற் கண்டுள்ளனர். அரச சேவையில் முன்னாள் படையினருக்கு முன்னுரிமை என்று தொடங்கினால், ஏற்கெனவே சுருங்கியுள்ள வாய்ப்பில் தமிழ், முஸ்லிம் இளைஞரின் பங்கு மேலும் சுருங்கும். மாறாக, படையிலிருந்து விலகுபவர் குடிமகனாக, சிவில் பயிற்சிக் கூடத்தில், ஏனைய இளைஞர்களுடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்பாராயின் படைமயமாதல் குறையும். போர்க்காலக் குற்றங்களுக்குப் பொறுப்புக் கூறல் என்பது வேறு விடயம், அது நீதிமன்றத்துக்குரியது, அதனை எந்தப் பயிற்சிச் சான்றிதழும் அழித்துவிடாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பதிலுக்காகக் காத்திருக்கையில் இதனைக் கூறுவது இலகுவானதல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் எட்டாம் தரத்துடன் படைக்குப் போன கொத்மலைக் கிராமத்து மகனைக் கைவிடுவதனால் அந்தத் தாய்மாருக்கு நீதி ஒரு அடியேனும் நெருங்கி வரப்போவதில்லை.

கொத்மலையில் இதனைத் தொடங்குவதற்கான வசதிகள் ஏனைய பல இடங்களை விடக் கூடுதல். இது வர்த்தமானி மூலம் இருமொழி நிர்வாகப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதி. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. பத்தனையில் மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உள்ளது. கொத்மலை சமூக வானொலியோ, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன், கிராமத்தவர் கேட்கும் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பி உலகின் கவனத்தை ஈர்த்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் அன்று அதன் மூலம் இணைய வசதி கிட்டியது. இணையம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது. இன்று எல்லோர் கையிலும் தொலைபேசி உள்ளது. ஆனால் முன்கற்றல் மதிப்பீட்டுக்கு எங்கு விண்ணப்பிப்பது என்பதை இறம்பொடைத் தோட்டத்து இளைஞருக்கும், பள்ளத்தாக்கின் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கும் அவரவர் மொழியில் கூறுவார் இல்லை.

டித்வாவுக்குப் பின்னரான மீள்கட்டுமானம் இதற்கு உடனடித் தேவையையும் ஏற்படுத்தியுள்ளது. வீடுகள், வீதிகள், தாங்கு சுவர்கள், நீர்க்குழாய்கள் என வேலை மலைபோற் குவிந்து கிடக்கையில், ஒப்பந்தக்காரர் மேசன் இல்லை, இயந்திர ஓட்டுநர் இல்லை என்று கூறக் கேட்கின்றோம். அவ்வேலைத்தளங்களையே பயிற்சிக் களங்களாக்கி, படையில் இயந்திரம் ஓட்டிய அனுபவசாலியின் கீழ் தோட்டத்து இளைஞர் இருவர் பயின்று, வேலை முடிவில் மூவரும் மதிப்பீட்டுக்குத் தோற்றி ஒரே என்.வி.கியூ. சான்றிதழைப் பெறுமாறு செய்யலாம். அனுபவசாலிக்குத் தமிழும், இளைஞர்களுக்குச் சிங்களமும் ஓரளவு வசப்படுவது மேலதிக இலாபம்.

இதில் ஒரே ஒரு நிபந்தனையை நாம் வலியுறுத்த வேண்டியுள்ளது. தமிழில் மதிப்பிடக்கூடிய மதிப்பீட்டாளர்கள் நுவரெலியா மாவட்டத்துக்குப் போதிய எண்ணிக்கையில் நியமிக்கப்பட வேண்டும். வினாக்களும் கைந்நூல்களும் தமிழில் கிடைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் வைத்து, சுவர் கட்டும் முறையை விளக்கச் சொல்லி ஒரு மேசனின் திறமையை மதிப்பிட முடியாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு தனது அடுத்த மதிப்பீட்டாளர் ஆட்சேர்ப்பு அறிவித்தலில் இதற்கென ஒரு பந்தியைச் சேர்க்கலாம். பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகங்களும் விண்ணப்பப் படிவங்களை இரு மொழிகளிலும் அச்சிட்டு, தோட்ட வைத்திய நிலையங்களிலும் தபாலகங்களிலும் வைக்கலாம். பூண்டுலோயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு படிவத்துக்காகப் பஸ் ஏறுபவர் அன்றைய நாட்சம்பளத்தை இழக்கின்றார்.